கென்னாவின் பெயரில் பதினோரு கிடாரிகள்

"பன்னெண்டுன்னு போடு" என்றான் வெர்லின்.

கணவன் சொன்னதைக் கேட்டு மார்லிஸின் பேனா நின்றது. அவள் முன்னால் மகள் கென்னாவின் வருமான வரிப் படிவம். வெளியே நெப்ராஸ்காவின் பிப்ரவரிப் பனி, ஜன்னலைப் பாதி மூடியிருந்தது.

"ஒண்ணுதானே? வாஃபிளை மட்டும்தானே வளர்த்தா?"

வாஃபிள் ஒரு காளை. சிறுவர் விவசாய மன்றத்துக்காகக் கென்னா வளர்த்தது. ஆகஸ்ட் கண்காட்சி ஏலத்தில் உள்ளூர் வங்கியே அதை எடுத்தது. பிள்ளை வளர்த்து விற்றால் பிள்ளையின் வருமானம். அப்பா வளர்த்திருந்தால் பண்ணைக் கணக்கு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அக்டோபர்ல பதினோரு கிடாரியை அவ பேர்ல வித்தேன்ல? அதையும் சேர்த்துக்க."

"எந்தக் கிடாரி?"

வெர்லின் காபியை ஊற்றினான். மார்லிஸ் படிவத்தைத் தள்ளி வைத்தாள்.

"பேங்க்ல அடமானம் இருந்ததையா வித்தே?"

"கத்தாதே. பேங்க்லேருந்து ஸ்ட்ரவுட் இப்ப மாடு எண்ண வர்றான். குறையுதுன்னு கேட்டா, அதெல்லாம் பிள்ளையோட மாடு, இதோ வரிகூடக் கட்டறான்னு காட்டணும். அவ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"பதினஞ்சு வயசுடா அவளுக்கு! நாளைக்கு மாட்டினா அவதானே மாட்டுவா?"

"சின்னப் பிள்ளையை எவன் தொடுவான்?"

மாடிப்படியில் மரம் முனகியது. கென்னா இறங்கி வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ!

"பண்ணை போயிடுமாப்பா?"

"நீ மனசு வெச்சா போகாது, கண்ணு."

முற்றத்தில் வண்டி வந்து நின்றது.

ஸ்ட்ரவுட் சிரித்துக்கொண்டேதான் வந்தார். வீட்டுக்குள் வருமுன் தொழுவத்தை ஒரு சுற்று சுற்றியிருந்தார் என்பதை, பூட்ஸில் ஒட்டியிருந்த சாணி சொன்னது.

"வாஃபிள் இல்லாம தொழுவமே களையிழந்து கெடக்கு, கென்னா! வெர்லின், பதினொண்ணு குறையுதே... பனியில ஒளிஞ்சு விளையாடுதா?"

"அது பிள்ளையோடது சார். மன்றத்துக்கு வளர்த்தா. இதோ, வரிக் கணக்குகூட..."

"அட! பதினொண்ணா?" ஸ்ட்ரவுட் கென்னாவின் பக்கம் திரும்பினார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. "என் பொண்ணும் மன்றத்துல வளர்த்தவதான். பேர் வைக்காத பிள்ளையை நான் பார்த்ததே இல்ல. பேரெல்லாம் சொல்லு, கேப்போம்."

"டெய்சி, ஜோலீன், பிக்சி, மேபெல்..."

தடுமாறாமல் சொன்னாள். பதினொன்றும் சொன்னாள். எல்லாம் பள்ளிக் கூடைப்பந்து அணிப் பெண்களின் பெயர்கள். இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல இவள் எப்போது கற்றாள்?

"என் மக!" வெர்லின் அவள் தோளைத் தட்டினான்.

"ரொம்ப நல்லது" என்றார் ஸ்ட்ரவுட். "அப்ப கையெழுத்தைப் போடும்மா. ஒரு நகல் எடுத்துக்கறேன்."

கென்னா பேனாவை எடுத்தாள். முனை காகிதத்தைத் தொட்டது.

"கென்னா." மார்லிஸின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "வாஃபிளை லாரியில ஏத்தினப்போ கயித்தை விடாம அழுதே. வாரம் பூரா சாப்பிடல. இந்தப் பதினொண்ணுல எந்த மாட்டுக்குடி அழுதே?"

பேனா கீழே விழுந்து உருண்டது. மார்லிஸ் குனிந்து அதை எடுத்தாள்.

அந்தத் தாளை இழுத்து, பன்னிரண்டு என்று எழுதக் காத்திருந்த இடத்தில் 'ஒன்று' என எழுதினாள்.

"அவ வளர்த்தது ஒண்ணுதான், சார்."

வெர்லின் மனைவியைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

ஸ்ட்ரவுட் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கென்னா, நீ மேல போ" என்றார். பிறகு வங்கியை அழைக்கப் போனை எடுத்தார்.