கரி போட்ட காடு

2002ஆம் வருடம் ஆடியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. மலைமேல் திண்ணனூர் நாட்டுச் சரிவுகளில் விதைத்த சாமை முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளடித்துச் சுருண்டது. பாவாயியின் காட்டிலும் அப்படித்தான். ஆனால் அவள் காட்டின் மேற்கு ஓரத்தில், பத்து எட்டு வைக்கும் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் பச்சையாக நின்றது.

அந்த இடத்தில் எல்லா வருஷமும் பயிர் கொஞ்சம் செழிப்பாகத்தான் இருக்கும். மழை வருஷத்தில் வித்தியாசம் கண்ணில் படாது. இப்போது சுற்றிலும் காய்ந்து கிடந்ததால் வட்டமாகத் தெரிந்தது. பாவாயியின் கணவன் சென்றாயன் அதைச் சாமி இடம் என்றான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அங்கே உழலாம், விதைக்கலாம். ஒரு சாணுக்கு மேல் தோண்டக் கூடாது.

“தோண்டிப் பாத்தா என்னங்க?” என்று கேட்டாள் பாவாயி.

“ஏதாச்சும் ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?”

“காடு முச்சூடும் காயுது. சாமி ஒரு மூலையில மட்டும் ஏன் குந்தியிருக்குன்னு கேக்கறேன்.”

பன்னிரண்டு வருஷம் விடாமல் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட மண் அது. மேல்மண் மழைக்கு மழை கரைந்து ஓடையில் இறங்கிவிட்டது. எவ்வளவு உரம் போட்டாலும் கிழங்கு கட்டைவிரல் பருமனைத் தாண்டவில்லை. வெறுத்துப்போய்ச் சாமைக்குத் திரும்பிய முதல் வருஷமே இந்த வறட்சி. கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவதாகச் சென்றாயன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் பாவாயி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கடப்பாரையைப் போட்டாள். அவள் காட்டில் ஒரு சாண் தோண்டினால் செம்மண் கட்டி வந்துவிடும். இங்கே வரவில்லை. கருப்பு மண் மட்டுமே வந்தது. முழங்கை ஆழம் போயும் கருப்பு. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டாள். அடியிலும் கருப்பு. நாற்பது நாளாக ஒரு தூறல் இல்லாத பூமிக்குள் விரல் நனைந்தது. அள்ளி எடுத்த பிடியில் இரண்டு மண்புழுக்கள் நெளிந்தன. கூடவே கரித்துண்டுகள். ஒரு துண்டைத் துடைத்து வெயிலில் பிடித்தாள். சாமையின் வேர் ஒன்று, மயிரிழைதான், அந்தக் கரிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது.

அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சாமியைத் தொட்டுவிட்டோமோ என்ற பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை சைபுல்லா பாய் வேன் கொண்டுவந்தார். அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் கரிமண்டி வைத்திருப்பவர். வாராவாரம் மலைக்கு வந்து, பருவத்துக்கு ஏற்பப் பலாவும் மிளகும் ஏற்றிப்போவார். பாவாயி அந்தத் துண்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வேன் கதவில் தட்டிப் பார்த்தார். காதருகே வைத்து ஒடித்தார்.

“மூட்டக் கரிம்மா இது. கட்டையை அடுக்கி, காத்து புகாம மண்ணு மூடி வேக வச்சாத்தான் இப்படிக் கிண்ணுன்னு இருக்கும். எங்கிருந்து எடுத்தீங்க?”

காட்டினாள். சென்றாயனும் கூட வந்தான். தோண்டிய குழியைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது.

“எந்தக் காலத்துல போட்டதுங்க பாய்?” என்று கேட்டாள் பாவாயி.

“யாருக்குத் தெரியும்? முப்பது வருசமா கரி பாக்கறேன், இந்த மரம் என்னன்னு தெரியல. எங்க பாட்டனுக்கும் முந்தி இருக்கும்.”

சென்றாயன் குழியருகே உட்கார்ந்தான். “அப்ப இது சாமி இல்லியா?”

“யாரோ ஒரு மனுசன் இங்க மூட்டம் போட்டுட்டுப் போயிருக்கான்” என்றாள் பாவாயி. “அவன் செத்து எத்தன தலைமுறை ஆச்சோ. அவன் போட்ட கரி இன்னிக்கு நம்ம பயிருக்குத் தண்ணி வச்சிருக்குது.”

மண்டியில் கரித்தூள் மலையாகக் குவிந்து கிடக்கிறது, யாரும் வாங்குவதில்லை என்றார் சைபுல்லா. வேன் மேலே வரும்போது காலியாகத்தான் வருகிறது. வாரம் சில மூட்டை போட்டு வருகிறேன் என்றார்.

அடுத்த வைகாசியில் பாதிக் காட்டுக்குத் தூளை இறைத்து உழுது விதைத்தார்கள். முளைத்த சாமை வெளிறி வந்தது. ஒரு மாதத்தில், தூள் போடாத பாதியைவிடப் போட்ட பாதி மோசமாக நின்றது.

“இருந்ததையும் கெடுத்தாச்சு” என்றான் சென்றாயன். அதற்கு மேல் சண்டை போடவில்லை. அந்த வாரமே பஸ் ஏறிக் கேரளாவுக்குப் போய்விட்டான்.

பாவாயி தனியாக இருந்தாள். மீதியிருந்த இரண்டு மூட்டைத் தூளை மாட்டுக் கொட்டகையின் சேற்றில் கொட்டினாள், மாடு வழுக்காமல் நிற்கட்டும் என்று. மூன்றாம் நாள் கொட்டகையில் கோமிய வாடையே இல்லை. அவள் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அந்தச் சேற்றை வாரிக் கொட்டிய குப்பைமேட்டில் தானாக முளைத்த பூசணி ஒன்று, ஒவ்வோர் இலையும் முறம் அகலத்துக்கு விரிந்து, கொட்டகைக் கூரையில் ஏறியது.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. காட்டில் போட்டது பசித்த கரி. மண்ணில் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் அதுவே முதலில் இழுத்துக்கொண்டது. கொட்டகைக் கரி வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்தது.

அந்த வருஷம் முழுக்கச் சைபுல்லா கொண்டுவந்த மூட்டைகளெல்லாம் மாட்டின் காலடிக்குப் போயின. சாணியும் கோமியமும் சாம்பலும் தழையும் சேர்ந்து குழியில் மக்கின. காட்டுக்குக் குறுக்கே கல் அடுக்கி, மண் ஓடாமல் வரப்புக் கட்டினாள். 2004 வைகாசியில் கூடை கூடையாகச் சுமந்து இறைத்தாள். ஆவணியில் இருபத்தைந்து நாள் மழை நின்றது. பக்கத்துக் காடுகள் வாடின. பாவாயியின் காடு வாடவில்லை.

ஐப்பசியில் சென்றாயன் வந்தான். ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தவன், தன் காட்டைத் தாண்டிப் போய்விட்டு, வழி தப்பிவிட்டதோ என்று திரும்பினான். இடுப்பளவு சாமை கதிர் சாய்ந்து நின்றது. பாவாயி களத்திலிருந்து அவனைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. அவன் பையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். ஒரு தாளைப் பிடுங்கி, வேரோடு ஒட்டி வந்த மண்ணை உதிர்க்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

“நீயா செஞ்ச?” என்று கேட்டான், அவள் பக்கத்தில் வந்ததும்.

“நானும் மாடும்.”

அவன் மறுபடி கேரளாவுக்குப் போகவில்லை. அடுத்த மழைக்குள் அந்த ஊரில் ஒன்பது வீட்டு மாட்டுக் கொட்டகைகள் கரித்தூளால் கருப்பாயின.

தை பிறந்து சைபுல்லா வந்தபோது அவர் மனைவி சாயிராவும் வேனில் வந்திருந்தாள். மண்டிக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. “இருபது வருசமா எங்கூட்டுத் துணியெல்லாம் கருப்பாக்கின தூளுங்க. அது எங்கதான் போகுதுன்னு பாக்க வந்தேன்” என்றாள். அறுத்த காட்டைக் கோடியிலிருந்து கோடிவரை நடந்தாள். வேன் புறப்படும்போதுதான் கேட்டாள்: “ஏனுங்க, இந்தக் கரி இன்னும் எத்தன வருசம் இப்படியே இருக்கும்?”

“தெரியலீங்க” என்றாள் பாவாயி. “அத எண்ணிச் சொல்ல நாம யாரும் இருக்க மாட்டோம்.”

சாயிரா தலையாட்டினாள். பாவாயி ஒரு படி சாமையரிசியைத் துணியில் முடிந்து அவள் மடியில் வைத்தாள். வேன் வளைவில் இறங்கியது.