சொல்லாமல் வாங்கிய மன்னிப்பு

மார்ச் இரண்டாம் ஞாயிறு எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபத்தொரு பேர். ஜன்னலோர மேஜைக்குப் பின்னால் பிரசங்கி ஹெய்க்கா. வாரநாட்களில் அவர் மரம் வெட்டுகிறவர். அடுப்பையொட்டிய நாற்காலியில் காது மந்தமான சன்னா. நடுப் பெஞ்சுகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். கதவுக்கு அருகில் என் கணவர் ஈலிஸின் தம்பி அர்வோ, அவன் மனைவி லெம்பி, அவர்களுடைய ஏழு பிள்ளைகள். லெம்பியின் மடி காலியாக இருந்தது. நான் காப்பிப் பாத்திரத்தின் பக்கம் நின்றேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

அது அவர்களை வழியனுப்பும் கூட்டம். மறுநாள் காலை எல்லை ஆற்றைக் கடந்து ஸ்வீடனுக்குப் போகிறார்கள். அங்கே தெற்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் அர்வோவுக்கு வேலை.

சபையின் கடிதங்களை எழுதுகிறவள் நான். தேதி, பெயர், இடம் தவறாமல் எழுதிப் பழக்கம். இதையும் அப்படியே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

லெம்பியும் நானும் ஒரே கோடையில் இந்தக் குடும்பத்துக்கு மருமகள்களாக வந்தோம். பதினான்கு வருடம் ஆகிறது. எங்கள் சபை ஜனங்கள் பிள்ளைகள் இத்தனை போதும் என்று நிறுத்துவதில்லை. கர்த்தர் கொடுப்பதை வாங்கிக்கொள்வோம். அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் வீட்டு ஞானஸ்நானம் ஒவ்வொன்றுக்கும் நான்தான் ஏலக்காய் ரொட்டி சுட்டேன். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்.

எட்டாவதாக, போன அக்டோபரில், ரைலி பிறந்தாள். லெம்பி குழந்தையைப் போர்த்திக்கொண்டு தானே நடந்து வந்தாள்.

"அக்கா, இவளுக்கு நீங்கதான் ஞானத்தாய்."

"நான் எதுக்கும்மா? உன் தங்கச்சி இருக்காளே."

"அவ தூக்குனா புள்ள கத்துது. நீங்க தூக்குனா சிரிக்கும். இப்பவே பாருங்களேன்."

ரைலி என் கையில் சிரிக்கவில்லை. பெரிதாகக் கொட்டாவி விட்டாள். நாங்கள் இருவரும்தான் சிரித்தோம். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

ஞானஸ்நானம் ஒரு சனிக்கிழமை. அன்று காலை எழுந்தபோதே என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்னொருத்தி பிள்ளையை எல்லோர் முன்னும் ஏந்தி நிற்க வேண்டும். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு காப்பி குடிக்க வேண்டும். காய்ச்சல் என்று ஈலிஸிடம் சொல்லி அவரை மட்டும் அனுப்பினேன். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் எழுந்து துணி துவைத்தேன். என் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. லெம்பியின் தங்கை ஞானத்தாயாக நின்றாள்.

அதற்குப்பின் குழந்தையைப் பார்க்கப் போகாமல் ஏதேதோ சாக்குச் சொன்னேன். ஐந்தாவது வாரம் ரைலி இறந்துபோனாள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்றார்கள்.

அடக்கத்தின்போது லெம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது என் உள்ளே ஒன்று சொன்னது: 'இப்ப உனக்கும் தெரியும்.' ஒரு நொடிதான். ஆனால் சொன்னது நான்தான்.

கூட்டம் முடிந்ததும் எங்களில் ஒருவர் மற்றவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். கேட்கப்பட்டவர் மன்னிப்பின் வார்த்தையைச் சொல்வார். என்ன குற்றம் என்று கேட்க மாட்டார். அந்த மார்ச் ஞாயிறு வழியனுப்பும் கூட்டம் என்பதால் எல்லோரும் அழுதார்கள். சன்னா மட்டும் அர்வோவைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"என் கோடாலிய வாங்கிட்டுப் போயி நாலு வருசமாச்சு. அதையும் சேத்து மன்னிச்சுட்டேன், போடா. கோடாலிய மட்டும் வச்சிட்டுப் போ!"

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பின் மறைவில் நான் லெம்பியிடம் போனேன்.

"லெம்பி, எல்லாத்தையும் மன்னிப்பியா?"

"இயேசுவோட நாமத்துலயும் இரத்தத்துலயும் எல்லாம் மன்னிக்கப்பட்டதுன்னு விசுவாசிங்க அக்கா." பிறகு என் காதோரம் சொன்னாள்: "உங்ககிட்ட என்ன குத்தம் இருக்கு? அன்னிக்கு நீங்க காய்ச்சலோட கெடந்தீங்க. ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கலாம். எனக்குத்தான் அவசரம். உங்க கையில அவளக் குடுக்காமலே அனுப்பிட்டேன். அத நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது. நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

கேட்டுவிட்டாள். நானும் அந்த வார்த்தையை முழுதாகச் சொன்னேன். அவள் செய்யாத குற்றத்தை நான் மன்னித்தேன்.

அவர்கள் போய் மூன்றாம் நாள், காலைக் கஞ்சியின்போது ஈலிஸிடம் காய்ச்சல் பொய்யைச் சொன்னேன். லெம்பிக்கு எழுதப்போகிறேன் என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அவ புண்ணக் கிளறி நீ ஆறுதல் தேடப் போறியா?"

"அவ தூங்காம கெடக்குறாளே, ஈலிஸ். அது என் பொய்யால."

கல்லறையருகே நினைத்ததையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். மேஜையைச் சுற்றி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்பின் வார்த்தையைச் சொன்னார். நடுவில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, முடித்தார்.

"இந்த ரெண்டாவத மட்டும் அவளுக்கு எழுதாத. அவ எதுக்கு அதையும் சொமக்கணும்?" பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு நீ போதும். பதினாலு வருசத்துல ஒரு தடவையாவது இத வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்."

எனக்கு அவர் போதவில்லை என்பதைத்தான் இத்தனை நாள் கர்த்தரிடம் முறையிட்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. கஞ்சி ஆறிப்போயிற்று.

முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். படித்துப் பார்த்தால், என் பதினான்கு வருடத்துக்கு அவளை அழச் சொல்லியிருந்தேன். அடுப்பில் போட்டேன். இரண்டாவது இது:

'அன்புள்ள லெம்பி, தேவ சமாதானம். ரைலியின் ஞானஸ்நானத்தன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. உன்மேல் பொறாமை. வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீ எதையும் தவறவிடவில்லை; நான்தான் வரவில்லை. ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். ஞாயிறன்று இதை மறைத்து உன்னிடம் மன்னிப்பு வாங்கிவிட்டேன். அது செல்லாது. இப்போது கேட்கிறேன். தர மனமில்லையென்றால் தரவேண்டாம். நீ தூங்கு. இப்படிக்கு, வியேனோ.'

உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தேன். பதினொன்றேகாலுக்குத் தபால் பேருந்து முச்சந்தியில் நின்றது.

"ஸ்வீடனுக்கா? போயி நாலு நாள் ஆகல, அதுக்குள்ள ஏக்கமா?" என்றான் ஓட்டுநர்.

"ஓரகத்திக்கு," என்றேன்.

முகவரியை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, கடிதத்தைப் பைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான்.