என் மனுசன் சொன்ன ஓம்

என் மனுசனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது. யார் என்ன கேட்டாலும் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டிவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்ப்பார். எழுபத்தாறாம் ஆண்டு மெல்பேண் ஸ்பிரிங்வேலில் இறைச்சிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அறையை எடுத்துப் பயண முகவர் நிலையம் தொடங்கினோம். வெளியே பலகையில் பெரிதாக இருந்தது அவருடைய பெயர், சிவபாலன். வேலை முழுக்க என் தலையில்.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் ஐரோப்பியர். டச்சுக்காரர், ஜேர்மன்காரர், இத்தாலியர் என்று எல்லாரும் வருவார்கள். வருடம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றவர்களுக்கு வெயிலும் தென்னைமரமும் கடலும் வேண்டும். பிஜியா, பாலியா, சிலோனா, எங்கே எந்த மாதம் மழை, என்ன ஊசி போடவேண்டும், யாருக்கு விசா வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஜேர்மன் பாஸ்போட் உள்ளவன் கொழும்பில் போய் இறங்கினாலே முத்திரை குத்தி விட்டுவிடுவார்கள். லாஸ்லோவுக்கு அது நடக்காது. அவரிடம் பாஸ்போட்டே இல்லை.

லாஸ்லோ ஹங்கேரிக்காரர். ஐம்பத்தாறில் அங்கே கிளர்ச்சி நடந்தபோது எல்லை தாண்டி ஓடி வந்தவர். கலியாணமும் கட்டவில்லை, வீடும் வாங்கவில்லை. அவுஸ்திரேலியக் குடியுரிமைகூட எடுக்கவில்லை. எடுத்தால் பிறந்த நாட்டை விட்டதாகிவிடும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகப் பயம். ஊரில் இருந்த ஒரே தங்கை இலோனாவுக்கோ இங்கே வர அனுமதி இல்லை. ஆனால் ஒரு சுற்றுலாக் குழுவோடு சிலோனுக்குப் போக அவளை விட்டுவிட்டார்கள். நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு வாரம். தானும் அங்கே போகவேண்டும் என்று லாஸ்லோ வந்து நின்றார். இருபது வருடம் பார்க்காத தங்கை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

சிங்கப்பூர் வழியாக ரிக்கற் போட்டேன். இலோனா நிற்கும் ஹோட்டலிலேயே அறை எடுத்தேன். அம்மைப்பால் குத்த எங்கே போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பத்திரத்தைக் கன்பராவில் உள்ள சிலோன் தூதரகத்துக்கு விசாவுக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் விசாரித்து ரெலிபோன் எடுத்த நேரம் பார்த்து நான் மீன் வாங்கப் போயிருந்தேன். என் மனுசன்தான் பேசினார். எல்லாம் வடிவாகச் சொல்லியாயிற்று என்று மார்தட்டினார்.

விசா இல்லை என்று பதில் வந்தது. வேலை தேடி அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு போகிறாராம்.

லாஸ்லோ சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ கதிரையில் இருந்து, நாடில்லாதவனுக்கு இப்படித்தான் என்று மெல்லச் சொன்னார். இலோனாவுக்கு வரவேண்டாம் என்று தந்தி அடிக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த கிழமை அவள் புறப்படுகிறாள், தனியாகப் போய்க் காத்துக்கொண்டு நிற்பாளே என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெண்ணிடம் என்னத்தைச் சொல்லித் தொலைத்தீர்கள் என்று என் மனுசனைப் பிடித்தேன்.

“அங்க வேலை ஒண்டும் செய்யமாட்டாரோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். திரும்பி வராமல் நிக்கமாட்டாரோ எண்டாள். அதுக்கும் ஓம் எண்டன்,” என்றார் அவர்.

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. மாட்டாரோ என்று கேட்டால் ஓம், மாட்டார்தானே. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படியே இங்கிலிஷில் லாஸ்லோவுக்குச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தி, “யெஸ் என்றா சொன்னார்? யெஸ் என்றால் செய்வேன் என்றல்லவா அவர்களுக்கு அர்த்தம்?” என்று கேட்டார்.

என் மனுசன் சுவரில் இருந்த பிஜிப் படத்தை அன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

நானே கன்பராவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அந்தப் பெண் முடிந்தது முடிந்ததுதான் என்று நின்றாள். மேலதிகாரி வராமல் வைக்கமாட்டேன் என்று நானும் நின்றேன். வந்தவர் பெயர் வரதராஜா. இரண்டு சொல்லிலேயே யாழ்ப்பாணத்தார் என்று தெரிந்துவிட்டது. தமிழில் கொட்டித் தீர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நெஞ்சில் வலி ஒன்றும் இல்லையோ என்று இங்கே டொக்டர் கேட்க, தானும் யெஸ் என்று சொல்லப்போய், எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டார்களாம்.

சிரிப்பு முடிந்ததும் அதிகாரிக் குரல் வந்தது. ஓம் விளங்குகிறது, ஆனால் மற்றது அப்படியே நிற்கிறது என்றார். இந்த ஆளுக்கு மெல்பேணில் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, வீடு இல்லை. எதற்காகத் திரும்பி வரவேண்டும் என்று கேட்டார்.

“தங்கச்சி, அவர் வராமல் விடமாட்டாரோ? நீங்கள் பொறுப்போ?”

வாய் வரைக்கும் ஓம் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“திரும்பி வருவார். நான் பொறுப்பு,” என்று முழுசாகச் சொன்னேன். வராவிட்டால் இனி எங்கள் கடைப் பெயரில் வரும் ஒருவருக்கும் விசா கிடையாது என்றார் அவர். என் மனுசன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். பிசையட்டும் என்று விட்டுவிட்டேன்.

லாஸ்லோ போனார். போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு கடலும் ஒரு தங்கையும் கிடைத்த மனுசன் ஸ்பிரிங்வேல் வாடகை அறைக்கு ஏன் வரப்போகிறார்? இரவில் நித்திரை இல்லை. வரவேண்டிய நாள் வந்தது, ஆளைக் காணவில்லை. கடை பூட்டும் வரைக்கும் வாசலைப் பார்த்தேன். வந்திருப்பார், களைத்துப் படுத்திருப்பார் என்று என் மனுசன் சொன்னார். முதல்தடவையாக அவர் சொன்னதை நம்ப ஆசைப்பட்டேன்.

அடுத்தநாள் கடை திறக்கப் போனால் லாஸ்லோ வாசலில் நிற்கிறார். மூக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. வந்ததைச் சொல்ல ஒரு ரெலிபோன் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஏசினேன். ஏசும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி மாலை நடந்ததைச் சொன்னார்.

கடற்கரையில் இலோனா, இனி நீ வீட்டுக்கு வரவே மாட்டாயா என்று கேட்டிருக்கிறாள். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. யெஸ் என்று தங்கள் பாஷையில் சொல்லியிருக்கிறார்.

“எந்த யெஸ்?” என்று என் மனுசன் மெல்லக் கேட்டார்.

“நான் சொன்னது உங்களுடையது. மாட்டேன் என்றுதான் நினைத்துச் சொன்னேன்,” என்றார் லாஸ்லோ. “அவள் வருவேன் என்று எடுத்துக்கொண்டாள். என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். எனக்கு அதைத் திருத்த மனம் வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். திருத்தவேண்டியது அவளை இல்லை.”

இந்த நாட்டுப் பாஸ்போட் இருந்தால் ஊருக்கு விருந்தாளிபோல் போய் வரலாமா என்று கேட்டார். அதற்கும் ஒரு விசா எடுக்கவேண்டும், ஆனால் போய் வருகிறார்கள், எங்களிடமே ரிக்கற் எடுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

“அப்படியென்றால் குடியுரிமைக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்,” என்றார். “ஊர் வீட்டில் அவள் என் அறைக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியிருப்பாள்.”

என் மனுசன் ஓடிப்போய் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.