வியாழக்கிழமை ரொட்டி

"இது வேணாம், நுன்சியா. லமான்னா கடையில அந்த வியாழக்கிழமை சாண்ட்விச் போடுவான்ல, அதை வாங்கிட்டு வா" என்று சொல்லித் தட்டைத் தள்ளினான் பெர்ட்டோ.

தட்டில் இருந்தது என் தம்பி விடிகாலையில் சுட்டுக் கொடுத்த ரொட்டி. மேலோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சூடான பாலில் ஊறவைத்து, குழந்தைக்குப் பிசைவதுபோல் பிசைந்து கொடுத்திருந்தேன். தொண்டையில் வந்த கட்டிக்குக் கதிர்வீச்சு வைத்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டி போய்விட்டது என்கிறார்கள். கூடவே என் புருஷனும் பாதி போய்விட்டான். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய், அப்புறம் கண்ணில் நீர் முட்ட விக்கல், அதோடு சரி. திங்கட்கிழமைக்குள் வாயால் சாப்பிடத் தொடங்காவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் மாட்டிவிடுவோம் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனுஷனுக்குக் குழாய்! எனக்குப் பயமாக இருந்தது. குழாய் மாட்டினால் இவன் அதோடு வாயை மூடிவிடுவான் என்று தோன்றியது.

இருந்தாலும் லமான்னா கடை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஹோபோக்கனில் எங்கள் அப்பாவின் பேக்கரியைத் தெரியாதவர்கள் கிடையாது. நிலக்கரி அடுப்பில் சுட்ட ரொட்டி. கையில் எடுத்து அழுத்தினால் மேலோடு நொறுங்கும் சத்தம் அடுத்த மேஜைக்குக் கேட்க வேண்டும், அதுதான் அப்பாவின் கணக்கு. லமான்னா கடைக்கும் அந்த ரொட்டிதான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒராசியோ லமான்னா பேக்கரிக்குள் வந்து, "மேலோடு கொஞ்சம் மெத்துன்னு இருந்தா என் குழம்பு உள்ள இறங்கும்" என்று கேட்டான். "பல்லு போனவனுக்குப் பஞ்சு வேணும்னா மெத்தைக் கடைக்குப் போடா" என்றார் அப்பா. ஒராசியோவும் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் பார்க்க, ரொட்டியை எங்கள் கல்லாவில் தட்டித் தட்டி, கல் என்று காட்டினான். அன்றோடு அவர்களைத் தலைமுழுகினோம். அப்பா செத்தபோது அவன் அனுப்பிய பூவளையத்தை நான்தான் திருப்பி அனுப்பினேன். சண்டைக்கு அப்புறம் வேறெங்கோ வாங்கிய மெத்து ரொட்டியில் அவன் போட்ட சாண்ட்விச் பேர் வாங்கிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கிலிருந்தெல்லாம் வந்து வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு எரியாதா?

"நீ எப்படா அதைத் தின்னே?" என்றேன்.

"வியாழக்கிழமை."

"எந்த வியாழக்கிழமை?"

"எல்லா வியாழக்கிழமையும்தான். உங்கப்பா சண்டை போட்ட மறுவாரத்துலேர்ந்து."

"அடப்பாவி! எங்க வீட்டு ரொட்டியைத் தின்னுக்கிட்டே!"

"பாவிதான். போய் வாங்கிட்டு வாடி. பசிக்குது."

திட்டுவதற்கு எனக்கு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று! கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைக்குள் டோக்கன் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். கூரையிலிருந்து பன்றித் தொடைகள் தொங்கின. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலையில் பிடித்த மொசரெல்லா பாலாடைக்கட்டி உருண்டைகள் மிதந்தன. மூலையில் பெரிய அண்டாவில் மாட்டிறைச்சிக் குழம்பு கொதித்தது. கல்லாவுக்குப் பின்னால் ஒராசியோ, முடி முழுக்க நரைத்து, வாய் மட்டும் மாறாமல் நின்றான். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போகாத எனக்கே தெரியும். வியாழக்கிழமை சாண்ட்விச்சை அவன் போடுகிறபடிதான் வாங்க வேண்டும். மாற்றிக் கேட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு நகரத்துப் பையன் மயோனைஸ் போடச் சொல்லிவிட்டான். "கடைசிக்கு!" என்று கடையே சேர்ந்து கத்தியது. மயோனைஸ் கேட்டவனை அனுப்பியது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் முறை வந்தது. ஒராசியோ நிமிர்ந்தான். கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

"வா, பேக்கரிக்காரி. வழி தப்பி வந்துட்டியா?"

"வியாழக்கிழமை சாண்ட்விச் ஒண்ணு. ரொட்டியோட ஓரத்தையெல்லாம் வெட்டிடு. கறியைப் பொடிசா நறுக்கு. குழம்பு ரெண்டு மடங்கு ஊத்து" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"கடைசிக்கு!" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினார்கள். சிரிப்பு வேறு. ஒராசியோ சிரிக்கவில்லை.

"யாருக்கு?" என்றான் மெதுவாக.

பொய் சொல்லலாம் என்றுதான் வந்தேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "பெர்ட்டோவுக்கு. தொண்டையில கட்டி. கதிர் வெச்சாச்சு. ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

அவன் அண்டாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ரொம்ப நாளா ஆளையே காணோம். உனக்குத் தெரிஞ்சு போச்சு, நீ அவன் கால ஒடிச்சுட்டேன்னு நெனைச்சேன்" என்றான். அப்புறம் குரலை உயர்த்தி, "சரி, கடைசிக்குப் போ" என்றான்.

என் காது சூடாகிவிட்டது. இவனிடம் போய் வாயைத் திறந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். வாசல் தாண்டித் தெருவில் வால்போல நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றேன். காற்று காதை அறுத்தது. அப்பா சரியாகத்தான் சொன்னார், இவர்கள் ஜாதகமே அப்படி என்று மனசுக்குள் கறுவினேன். இரண்டு முறை வீட்டுப் பக்கம் திரும்பினேன். இரண்டு முறையும் அவன் சொன்ன அந்தப் "பசிக்குது" திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியது.

மறுபடி கல்லாவுக்கு வந்தபோது பின்னடுப்பில் ஒரு சின்னச் சட்டி தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒராசியோ அதை இறக்கி என் முன்னால் வைத்தான். பொடியாக நறுக்கிய கறியும் மொசரெல்லாவும் குழம்போடு குழம்பாகக் கரைந்து, கரண்டி வைத்தால் வழிகிற பதத்தில் இருந்தது.

"நீ மொதல்ல கேட்டப்பவே குடுத்திருந்தா நார் நாரா இருந்திருக்கும். வேக வேணாமா? அதுக்குத்தான் அனுப்பினேன்" என்றான்.

"அதை அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

"ஊருக்கு முன்னாடி சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒருத்தன் மயோனைஸ் கேப்பான்."

ரொட்டியின் நடுப்பகுதியை ஒரு துண்டு பிய்த்துச் சட்டியில் முக்கி என்னிடம் நீட்டினான். "தின்னுப் பாரு. அவன் தொண்டையில இறங்குமா இறங்காதா, ரொட்டிக்காரி நீ சொல்லு."

வாயில் போட்டேன். தனியாக அந்த ரொட்டிக்கு மணமும் கிடையாது, உரமும் கிடையாது. எங்கள் பேக்கரியில் அதை வாத்துக்குப் போட்டிருப்போம். ஆனால் குழம்பை முழுக்கக் குடித்திருந்தது. மெல்லவே தேவையில்லாமல், இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் ஒன்றாகி, தானாகத் தொண்டைக்குள் போயிற்று. அப்பா ரொட்டி இதில் கிடந்திருந்தால் கடைசிவரை கல்லாகத்தான் இருந்திருக்கும். அப்பா, இந்த விஷயத்தில் நீ தோற்றுவிட்டாய் என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிராளி கடையில் நின்று அழ யாருக்குப் பிடிக்கும்?

"ரொட்டி மட்டம்" என்றேன்.

"தெரியும்."

"இதுக்கு இதுதான் சரி. இறங்கும்."

ஒராசியோ சாண்ட்விச்சைப் போட்டு, நேரம் எடுத்துக் கட்டினான். மூன்று சுற்றுக் காகிதம் சுற்றினான். கொடுக்கும்போது, "அன்னைக்கு நானும் அந்த ரொட்டியை அப்படித் தட்டியிருக்கக் கூடாது" என்றான். நான் தலையை ஆட்டினேன். அடுத்த ஆள் டோக்கனை நீட்டினான்.

வீட்டில் பெர்ட்டோ மேஜையில் ஏற்கனவே துண்டைக் கழுத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரித்து வைத்தேன். "ஓரம் எங்கடி?" என்றான். "பேசாம தின்னு" என்றேன். முதல் வாய். நான் எதிரே உட்கார்ந்து, தளர்ந்து தொங்கிய அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டைக் குமிழ் மேலே ஏறியது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

இரண்டாவது வாய். மூன்றாவது.

"உப்பும் தெரியல, உறைப்பும் தெரியல" என்றான். "வைக்கோலைத் தின்ன மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு இன்னொரு பெரிய கடி கடித்தான். அந்தக் கடியோடு, கன்னம் புடைக்க, ஒராசியோ என்னைப் பார்த்ததும் என்ன சொன்னான், யார் யார் வரிசையில் நின்றார்கள், என்னைக் கடைசிக்கு அனுப்பினானா என்று மளமளவென்று கேட்க ஆரம்பித்தான். வாயில் வைத்துக்கொண்டு பேசாதே என்று கல்யாணமான நாளிலிருந்து இவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். குழம்பு மோவாயில் வழிந்து, துண்டைத் தாண்டிச் சட்டையில் சொட்டியது. ஒரு துணுக்கு ரொட்டி தெறித்து என் கையில் வந்து விழுந்தது. நான் துடைக்கவில்லை. "ம், இன்னும் கேளு" என்றேன்.