வாஞ்சிநாதனின் பின்னணி இசை

1994 ஜூலையிலிருந்து வாஞ்சிநாதன் வங்காளத்தில் தான் குடியிருந்த பெஹாலாவில் எங்கே போனாலும் துப்பாக்கிப் படத்துப் பின்னணி இசை கூடவே வந்தது. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. எறும்பைக்கூடத் தாண்டிப் போகிற மனுஷன். ஆனால் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டால் வயலின்கள் கிறீச்சிட்டன, மாடிப்படி ஏறினால் முரசு மெல்ல அதிர்ந்தது. வாசிப்பவர் யாரும் இல்லை. காய்காரர் முதல் வாரம் தராசைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டாம் வாரம், இசை கேட்டதுமே வெண்டைக்காயை எடுத்து வைத்தார்.

பெண் வீட்டார்தான் பழகவில்லை. நாலு வருஷத்தில் ஆறு இடம். பெண் காபித் தட்டோடு வந்ததும் முரசு வேகமெடுக்கும், யாரோ சுடப்போகிற மாதிரி எக்காளம் ஏறும். "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் எழுந்துவிடுவார்கள். மாப்பிள்ளை வாய் திறக்கிற வழக்கம் ஏது? முப்பத்தாறு வயசு. கல்யாணமே ஆகாது என்று தனியாக உட்கார்ந்து அழுதார், பாவம்.

1998இல் ஏழாவது இடம் ஜாதவ்பூரில். துர்கா பூஜை அஷ்டமியன்று போனால் பந்தல் டாக் மேளத்தில் எல்லாம் அமுங்கிவிடும் என்றாள் அக்கா சுந்தரவல்லி. நல்ல யோசனைதான், போங்கள்! இசை நாற்பது டாக் மேளத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தெருவே துரத்தல் காட்சியாயிற்று. பெண்ணின் அப்பா மஹாதேவன் கதவை நோக்கி நகர்ந்தார்.

பெண் கோமதி மட்டும் சாவகாசமாக உட்கார்ந்தாள். டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் அடிதடிப் படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் வேலை.

"உக்காருப்பா. எதுவும் நடக்கலை, அதான் ஏறிண்டே போறது. நடந்துட்டா நின்னுடும், படத்துலயும் அப்படித்தான்." வாஞ்சிநாதனைப் பார்த்தாள். "உங்க மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்கோ."

"போய்ச் சொல்லி அனுப்பறோம்னு சொல்லுடா," என்று சுந்தரவல்லி தம்பியின் தொடையைக் கிள்ளினாள்.

எக்காளம் உச்சிக்குப் போயிற்று. வாஞ்சிநாதன் அக்காவின் கையை விலக்கினார். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார்.

இசை நின்றது. நாற்பது மேளமும் நின்றன. அந்த நிசப்தத்தில் கோமதி "எனக்கும்" என்று மெதுவாகத்தான் சொன்னாள். ஜாதவ்பூர் முழுக்கக் கேட்டது.

தையில் கல்யாணம். இசை போய்விடவில்லை. 2006இலும், பெஹாலா வீட்டில் பால் பொங்கப் போகும்போது வயலின்கள் ஏறும். "ஏன்னா, பால்!" என்பாள் கோமதி. அவர் அடுப்பை அணைப்பார், இசை நிற்கும். கீழ்வீட்டு வங்காளி அம்மாளும் எதற்கும் இருக்கட்டும் என்று தன் அடுப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.