பிரிண்ட் சேவையை நிறுத்திய கை

என் குடை காணாமல் போனது உலக வரலாற்றிலேயே மூன்றாவது பெரிய திருட்டு. முதல் இரண்டையும் இப்போது கிளற வேண்டாம். ஈரம் காயட்டும் என்று மாடிப்படி ஓரத்தில் விரித்து வைத்தேன். திரும்பி வந்தபோது ஈரம் மட்டும்தான் இருந்தது. தரைத்தளத்துத் தையற்காரம்மாவின் வேலை. ஆதாரம்? மறுநாள் கொட்டிய மழையில் அந்த அம்மாள் நனையாமல் கடைக்குப் போய் வந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அறிவிப்பு ஒன்று தயாரித்தேன். "தரைத்தளத்தில் தைப்பவர் கவனத்துக்கு: கறுப்புக் குடையை உரியவரிடம் ஒப்படைக்கவும்." விமானத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைக் குத்தும் எழுத்து. லிஃப்டுக்கு ஒன்று, ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் ஒன்று.

வீட்டில் அப்போதே சண்டை. "அதை ஒட்டினீங்கன்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? காலையில கூட நடக்க எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்" என்றாள் மனைவி. நீதிக்கு முன்னால் நடையாவது ஓட்டமாவது! காதில் போட்டுக்கொள்ளாமல், மறுநாள் காலை பிரிண்ட் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் தட்டில் ஒரு தாள்கூட இல்லை. பிரிண்டர் கல்லுப்போல உட்கார்ந்திருந்தது. அச்சு சேவை இயங்கவில்லை என்று திரையில் ஒரு வரி.

மனைவியிடம் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றாள்.

எங்கள் இல்லறத்தில் எனக்காக அவள் ஐயோ பாவம் சொன்னது அதுதான் முதல் முறை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கணினியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அதன்மேல் தூசி தட்டுவது. அப்படியானால் பின்னால் வேறொரு மூளை இருக்கிறது.

வெளியூரில் கணினியைக் கட்டிக்கொண்டு அழும் மகனை ஃபோனில் பிடித்தேன்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களாப்பா?"

"பண்ணியாச்சுடா."

"கேபிளைக் கழட்டி மாட்டுங்க."

மேசைக்கடியில் நுழைந்தேன். சரக்கு ரயில் வளைவில் திரும்புவதுபோல என் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தின. பலன் பூஜ்யம். 'சர்வீசஸ்' ஜன்னலைத் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற பெயரைத் தேடச் சொன்னான். நாம் அனுப்புவதையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பிரிண்டருக்கு ஒவ்வொன்றாக விடும் குமாஸ்தாவாம் அது. கண்டுபிடித்தேன். 'ஸ்டார்ட்' பொத்தான் அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே 'டிசேபிள்டு' என்று எழுதியிருந்தது.

"டேய், யாரோ வேணும்னே முடக்கி வெச்சிருக்காங்கடா!"

"அதெல்லாம் தானாவே ஆகும்ப்பா. அப்டேட் வந்திருக்கும். இல்லேன்னா வைரஸ். கரண்ட் ஏறி இறங்கினாக்கூட..."

ஓய்வு பெறும்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். டிக்கெட் வைத்திருப்பவன் டிக்கெட்டை நீட்டுவான். இல்லாதவன்தான் கதை சொல்லுவான்: பர்ஸ் இன்னொரு பையில் இருக்கிறது, பை மச்சானிடம் இருக்கிறது, மச்சான் முந்தின ஸ்டேஷனில் இறங்கிவிட்டான். பெற்ற பிள்ளை ஒரே மூச்சில் மூன்று காரணம் சொல்கிறான்!

"முதல்ல வரிசையில நிக்கிற ஃபைலையெல்லாம் டெலீட் பண்ணிடுங்க. அப்புறமா ஆன் பண்ணலாம்."

"நிக்கிறது என் அறிவிப்புடா. அதை அழிக்கறதுல உனக்கென்ன அவ்வளவு அவசரம்?"

"இல்லப்பா... பொதுவா அப்படித்தான் செய்யறது."

இணைப்பைத் துண்டிக்காமல் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடும் ரயிலில் ஆயிரம் பேரைக் கவிழ்த்த வித்தை இது. சும்மா நின்றால் போதும்.

கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள்.

"நான் ஒண்ணும் தொடலை" என்றாள்.

நின்றேன்.

"எந்த பட்டனையும் அமுக்கலை."

நின்றேன்.

"அவன் சொன்ன பட்டனை மட்டும்தான்..."

"அம்மா!" என்று என் சட்டைப்பை அலறியது.

கரண்டியைப் பாத்திரத்துக்குள் வீசிவிட்டுத் திரும்பினாள். "ஆமா, நான்தான் நிறுத்தினேன். இப்ப என்ன? குடை போனா இன்னொண்ணு வாங்கலாம். அவ போனா நான் யாரோட நடப்பேன்? உங்களோடயா? நீங்க எதிர்ல வர்றவன்கிட்டயெல்லாம் டிக்கெட் கேப்பீங்க!"

சட்டைப்பைக்குள் மகன் சிரித்தான். உதைபடுவான்.

கணினிக்குத் திரும்பினேன். 'டிசேபிள்டு' இருந்த இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினேன். பொத்தான் உயிர் பெற்றது. இனி ஒரு தட்டு தட்டினால் போதும், காலையில் அனுப்பியதெல்லாம் அருவியாகக் கொட்டும். விரல் அதன்மேல் நின்றது. மனைவி அறை வாசலுக்கு வந்தாள். கெஞ்சவில்லை. நடக்கப் போடும் ஷூக்கள் அவள் கையில் தொங்கின.

"இதை யாருக்காவது குடுத்துடறேன். இனிமே எனக்கு எதுக்கு?"

ரயில்வேயில் இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்கவில்லை.

"டேய், வரிசையில நிக்கிற ஃபைலெல்லாம் கிடக்கற ஃபோல்டர் எங்கடா இருக்கு?"

"நிஜமாவாப்பா?" பயலுக்கு நம்பிக்கையே இல்லை. என் ரத்தம் அல்லவா! இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வழி சொன்னான். அறிவிப்பை என் கையாலேயே அழித்தேன். பிறகு 'ஸ்டார்ட்' அழுத்தினேன். பிரிண்டர் கனைத்தது. சோதனைக்காக ஒரு பக்கம் அனுப்பினேன். வண்ணக் கோடுகளோடு வெளியே வந்தது.

மனைவி அதை என் கைக்கு எட்டுமுன் உருவிக்கொண்டாள். முன்பக்கம் படித்தாள், பின்பக்கம் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். இப்படி ஒரு பரிசோதகர் எங்கள் துறையில் இருந்திருந்தால் ரயில்வே தங்கத்தில் தண்டவாளம் போட்டிருக்கும்.

மறுநாள் காலை பால்கனியில் நின்று பார்த்தேன். இருவரும் கைவீசி நடந்து போனார்கள். மனைவியின் தோள்பையிலிருந்து பிரிண்டர் கேபிள் எலி வால்போல நீட்டிக்கொண்டிருந்தது. கையோடு எடுத்துப் போகிறாளாம்! தையற்காரம்மா அதைப் பார்த்து என்னவோ கேட்டார், இவள் என்னவோ சொன்னாள். உடனே அந்த அம்மாள் எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

எதற்குச் சிரித்தார்? அதுதான் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.