ஒரு ஜன்னலாவது

அழைப்பு மணியை அழுத்திவிட்டு வெல்டர் இரண்டு படி கீழே இறங்கி நின்றார். தோள்பையில் இரும்பு அறுக்கும் மெஷின் கனத்தது. காலையிலிருந்து இது ஏழாவது வீடு. ஆறு வீடுகளிலும் வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள். கடைசி வீட்டுக்காரர், "திருடனுக்கு வழி காட்டவா வந்தீரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற அம்மாள். நான்கு வருடங்களுக்கு முன் இந்த வீட்டுக்கு அவர் கிரில் அடித்துக் கொடுத்திருந்தார்.

"ஒரே ஒரு ஜன்னல் போதும்மா. நான் போட்ட கிரில்லதான். அறுத்து, கதவு மாதிரி திறக்கிறாப்புல பண்ணித் தரேன். உள்பக்கம் கொக்கி. காசு வேணாம்."

"நல்லா இருக்கிறத எதுக்குண்ணே அறுக்கணும்?"

இந்த இடத்தில்தான் ஆறு வீடுகளிலும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "எங்க அக்கா..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

அப்பா அம்மா போன பிறகு அவரை ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று ஒரு குடும்பம் அவளுக்கு அமையவில்லை, தனியாகத்தான் இருந்தாள். போன வருடம் ஒரு மத்தியானம், அவள் அசந்து தூங்கிய நேரம் பார்த்து ஒருவன் வீட்டுக்குள் புகுந்தான். பெரிதாக ஒன்றும் போகவில்லை. ஒரு ஜோடி தோடு, கடிகாரம், கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வை. தோட்டை அவள் மறந்துவிட்டாள். போர்வையை மறக்க முடியவில்லை. "என் கால் பக்கத்துல நின்னிருக்கான்டா தம்பி" என்று சொல்லிச் சொல்லி, பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள். சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை.

அவர் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். "காத்து மட்டும் வரட்டும். வேற ஒண்ணும் உள்ள வரக்கூடாது" என்றாள். அவள் அறை ஜன்னலுக்கு, ஊருக்கெல்லாம் போட்டதைவிட இரண்டு மடங்கு கனமான கம்பி எடுத்தார். நாலு விரல்கடை இடைவெளி. சுவருக்குள் கம்பி இறக்கி, அதோடு சேர்த்துப் பற்றவைத்தார். பின்கதவையும் செங்கல் வைத்து அடைத்தார். அன்றைக்கு அக்கா வயிறாரச் சாப்பிட்டாள். "ஜெயில்ல இருக்கிறவன்கூட இவ்வளவு பத்திரமா இருக்க மாட்டான்டா" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

மூன்று மாதம் முன்பு ஒரு காலை, அவர் வேலைக்குப் போயிருந்தபோது, அடுப்பின் கேஸ் டியூப் வெடித்துத் தீப்பிடித்தது. சமையலறை வாசல் பக்கம். அக்கா உள் அறையில். அந்த ஜன்னலில்தான் நின்று கத்தியிருக்கிறாள். அக்கம்பக்கம் ஓடி வந்து கடப்பாரை போட்டு நெம்பியது. ஆஸ்பத்திரியில் உயிர் போன அக்காவின் காரியம் முடிந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க நாலு பேரு தம்பி. கடப்பாரைதான் வளைஞ்சுது. உங்க கைவேலை லேசுப்பட்டதா?" என்றார். மனிதர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு புதுவேலை எதையும் அவர் ஏற்கவில்லை. தெருத் தெருவாக நடந்து, தான் போட்ட கிரில்களைத் தேடிப் போனார். மூலையில் பற்றவைத்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே தன் கை தெரிந்துவிடும்.

நர்ஸம்மாள் சங்கிலியைக் கழற்றினாள். "தீ விபத்துல, கிரில்லுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க... உங்க அக்காவா அது? எங்க வார்டுக்குத்தான் கொண்டு வந்தாங்க. நான்தான் கூட இருந்தேன்." கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ள வாங்கண்ணே. மாமா இருக்கிற ரூம்ல போடுங்க."

அவளுடைய மாமனார் படுத்த படுக்கை. அறுக்கும் சத்தத்துக்கு அவர் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு ஆள் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு அறுத்து, கீல் வைத்து, கொக்கி மாட்டி, வெல்டர் அதைத் திறந்து திறந்து மூடினார். மூன்று மாதத்தில் சம்மதித்த முதல் வீடு. வெளியே போய், சிதறிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

உள்ளே நர்ஸம்மாள் யூனிஃபார்மில் வந்து நின்றாள். கையில் ஒரு புதுப் பூட்டு.

"அம்மா, அது வேணாம்மா."

"கொக்கிய வெளியேருந்து கைவிட்டே தூக்கிடலாம்ணே. நான் டூட்டிக்குப் போனா இவரு ஒத்தையா இல்ல கெடக்காரு?"

"அப்ப சாவிய பக்கத்துலயே ஒரு ஆணில மாட்டுங்க."

"அதுக்கு நானே திறந்து வெச்சிட்டுப் போகலாமே." அவள் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்க சொல்றது புரியாமலா இருக்கு? பார்த்தவ நான். ஆனா தீ என்னைக்கோ ஒரு நாள்ணே. திருடன் தினமும்ல தெருவுல நடக்கிறான்."

அக்கா இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

பூட்டு விழுந்தது. "பூட்டியாச்சாம்மா?" என்று கட்டிலிலிருந்து குரல் கேட்டது. "பூட்டியாச்சு மாமா." பிறகு அவள் வெளியே வந்து வாசல் கதவையும் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவிகளைக் கைப்பைக்குள் போட்டாள். "வரேண்ணே. பஸ் போயிடும்" என்று வேகமாக நடந்தாள்.

வெல்டர் நிமிர்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், தலையணையில் சாய்ந்தபடி பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல ஒரு கையைத் தூக்கினார். போய்வா என்கிறாரா, இங்கே வா என்கிறாரா என்று தெரியவில்லை.